இரண்டு மணிக்குத் தலையாட்டியவன்

ஜெர்மனியின் லைப்ஸிக்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் யாருக்கு யார்மேல் குறை என்றாலும் அது கடிதமாகத்தான் வரும். காலையில் படிக்கட்டில் எதிரே வந்து 'ஹாலோ' என்று சிரித்துவிட்டுப் போனவர், மாலையில் மூன்று பத்தி எழுதி, தாளை ஒழுங்காக மடித்து, என் தபால் பெட்டிக்குள் போட்டிருப்பார். பத்து வருஷமாகியும் இது எனக்குப் பழகவில்லை. போன செப்டம்பரில் வந்த கடிதம் கீழ்வீட்டு ஃப்ராவ் லிண்ட்னருடையது. எழுபது வயதிருக்கும், தனியாக இருக்கும் பெண்மணி. பார்சல் காணாமல் போகிறதே என்று என் வாசல் கதவில் ஒரு சின்ன கேமரா மாட்டியிருந்தேன். அது படிக்கட்டையும் சேர்த்துப் பார்க்கிறதாம், உடனே எடுத்துவிட வேண்டுமாம். 'டாட்டன்ஷுட்ஸ்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். ஒருவருடைய அந்தரங்கத்தை இன்னொருவர் பதிவு செய்யாமல் காக்கிற சட்டத்துக்கு இங்கே அப்படிப் பெயர்.

நேரில் சொன்னால் தீர்ந்துவிடும் என்று இறங்கிப் போனேன். என் ஜெர்மன் மொழி வேலையிடத்தில் ஓடும், அடுத்த வீட்டு வாசலில் நொண்டும். "அதில் யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். "நீமான்ட்," என்றேன். யாருமில்லை என்று அர்த்தம். அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன். அவர் முகம் இன்னும் கெட்டுப்போனது. "யாருமே இல்லையா? ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கிறதே," என்றார். வெளிநாட்டுக்காரன் என்றால் இவர்களுக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம் என்று கறுவிக்கொண்டே மேலே வந்து, கேமராவைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் எறிந்தேன். அவர் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நான் வளர்ந்த நெய்வேலி டவுன்ஷிப்பில், நம்மை யாரும் பார்க்கவில்லை என்றால்தான் பயம் வரும். எந்த குவார்ட்டர்ஸில் யார் எந்த ஷிப்ட் என்பது பிளாக் முழுக்கத் தெரியும். அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட் போன நாளில் நான் பள்ளிக்கு மட்டம் போட்டால், இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து அவர் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். மதுரை, தஞ்சாவூர், சேலம் என்று நாலா பக்கமிருந்தும் வேலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் நாங்கள். ரத்த சொந்தம் என்று பக்கத்தில் ஒருவரும் கிடையாது. எதிர்வீட்டுக் கண்தான் எங்களுக்குச் சொந்தம்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். மண்ணும் நிலக்கரியும் மைல் கணக்கில் பெல்ட்டில் ஓடுவதை ஓர் அறையில் உட்கார்ந்து கவனித்து ஓட்டுகிற வேலை. ஷிப்ட் முடிந்தது என்று எழுந்து வந்துவிட முடியாது. அடுத்த ஷிப்டுக்கான ரிலீவர் வந்து, லாக் புக்கில் எழுதியிருப்பதைப் படித்து, வாங்கிக்கொண்டேன் என்று தலையாட்டிய பிறகுதான் நாற்காலியை விட வேண்டும். ரிலீவர் வராவிட்டால் அடுத்த ஷிப்டும் அவரேதான். முப்பத்தி நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தத் தலையாட்டலை வாங்காமல் வீட்டுக்கு வந்ததில்லை என்பது அப்பாவின் பெருமை. எங்களுக்கு அது கொஞ்சம் அலுத்துப்போன பெருமையும்கூட.

ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பா டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து ஊர்ப் பக்கம் வீடு கட்டிப் போனார். புதுத் தெரு. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், மீதியில் கான்ட்ராக்ட் வேலைக்காரர்கள் வருவார்கள், போவார்கள். மத்தியானம் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கும். அந்தச் சத்தத்தைத் தவிர அந்தத் தெருவில் ஒன்றும் நடக்காது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தும் விட்டாள். இதைப் படிக்கும் உங்களில் பலர் செய்திருப்பதைத்தான் நானும் செய்தேன். மே மாத லீவில் போனபோது, ஹால் சுவரில் தலையைத் திருப்பிப் பார்க்கிற கேமரா ஒன்றை மாட்டினேன். அதில் ஒலி கிடையாது. குரல் எதுக்கு, படம் போதும் என்று நினைத்தேன்.

இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர் குள்ளஞ்சாவடிக்காரர். கம்பெனி ஆப் இல்லாமல் நேராக வீட்டுக் கேமராவுக்குள் நுழையும் என் திட்டத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "எதுக்குங்க சார் இவ்ளோ கஷ்டம்? கேமரா கூடவே ஆப்பு வருது. நீங்க அங்க ஒக்காந்துக்கினே பாத்துக்கலாம்." எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. என் அம்மா நடமாடுகிற படம் எந்த நாட்டு சர்வரிலோ ஏறி இறங்குவதா? பத்து வருஷம் ஜெர்மனியில் இருந்தவனுக்கு அந்த அளவு டாட்டன்ஷுட்ஸ் தெரியாதா? வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய தனி ஐபி முகவரி வேண்டும் என்று அவரிடம் மல்லுக்கட்டி வாங்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட இடம் இதுதான்.

ரௌட்டர் என்பது கேட் செக்யூரிட்டி மாதிரி. உள்ளேயிருந்து யார் போனாலும் விடும். வெளியிலிருந்து கூப்பிடாமல் வருகிற எதையும் திருப்பி அனுப்பிவிடும். போர்ட் ஃபார்வர்டிங் என்றால் அந்த செக்யூரிட்டியிடம், 'இந்த நம்பரைச் சொல்லிக்கொண்டு வருகிறவரை மட்டும் எதுவும் கேட்காமல் நேராக ஹாலுக்கு அனுப்பு' என்று சொல்லி வைப்பது. அப்பாவுக்கு இதை விளக்கியபோது கன்ட்ரோல் ரூம் மனிதருக்கே உரிய கேள்வியைக் கேட்டார். "சரி, ஹாலுக்கு வந்தவன்கிட்ட பாஸ் யார் செக் பண்றது?" கேமராவுக்கு பாஸ்வேர்ட் இருக்கிறது என்றேன். இருந்தது. டப்பாவில் அச்சடித்து வந்த அதே பாஸ்வேர்ட். ஊருக்குக் கிளம்புவதற்குள் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். அப்புறம் பெட்டி கட்டுவது, ஊறுகாய் பாட்டிலை டேப் போட்டு ஒட்டுவது, சென்னை வண்டி என்று நாள் ஓடிவிட்டது.

இங்கே வந்த முதல் வாரம் பார்சல் பிரிக்கும் கிடங்கில் மதிய இடைவேளையில் எல்லாம் போனை எடுத்துப் பார்த்தேன். என் வேலையும் பெல்ட்தான். அப்பா நிலக்கரி ஓட்டினார், நான் அட்டைப்பெட்டி ஓட்டுகிற பெல்ட்டைப் பழுது பார்க்கிறேன். திரையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், அப்பா பேப்பர் படிப்பார். பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். நிறைந்த மனசு சீக்கிரம் மறந்தும்விடும். கேமரா இருக்கிறது என்ற தைரியமே பார்த்ததற்குச் சமமாகிவிட்டது. ஜூலையிலிருந்து நான் அதைத் திறக்கவில்லை. அந்த மாதங்களில் அப்பாவின் போன் பேச்சும் சுருங்கியது. எதைக் கேட்டாலும், "எல்லாம்தான் உனக்குத் தெரியுமே," என்று அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவார். வயதாகிறது, பேச அலுப்பு என்று எண்ணிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை பத்தரை, அங்கே இரண்டு மணி. குறிஞ்சிப்பாடியில் இருக்கும் அக்காவின் மகளுக்கு அந்த வாரம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துவது எங்கள் வழக்கம். தாய்மாமன் நான். எனக்கு லீவு கிடைக்காததால் என் இடத்தில் அப்பா குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்.

"புதன்கிழமை காலையில பஸ். சனிக்கிழமைதான் திரும்புவோம். அதான் நேத்தே உனக்கு எழுதிக் காட்டினேனே," என்றார் அப்பா.

"எங்க எழுதிக் காட்டினீங்க?"

"போர்டுலதான். சாவி எங்க இருக்குன்றதுகூட எழுதினேன். நீ தலையாட்டின."

எனக்கு முதலில் அப்பாவைப் பற்றித்தான் பயம் வந்தது. நினைவு தடுமாறுகிறதோ என்று. மெதுவாகக் கேட்டேன். அவர் தெளிவாகச் சொன்னார். "ஜூலையில ஒரு நாள் சாப்ட்டு எந்திரிக்கிறேன், கேமரா என் பக்கம் திரும்பி நிக்குது. சரி, பையன் பாக்கறான்னு புரிஞ்சுது. பேசினா கேக்காதுன்னு நீதான சொன்ன? அதான் அக்கா வீட்டுல கெடந்த ஒயிட் போர்டை எடுத்துக்கினு வந்தேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடியற நேரத்துக்கு, டெய்லி ரெண்டு மணிக்கு, ரிப்போர்ட் எழுதிக் காட்டுவேன். அம்மா மாத்திரை போட்டாச்சு, யார் வந்தாங்க, நாங்க எங்க போறோம், எல்லாம். கெடச்சிருந்தா மேலயும் கீழயும் ஆட்டுன்னு எழுதினேன். ஆட்டின. ஒரு நாள் தவறாம ஆட்டற."

"தமிழ்லயா எழுதுவீங்க?" என்று கேட்டேன். தமிழாக இருந்தால் வேறு யாராவது பார்த்தாலும் புரிந்திருக்காதே என்று ஒரு நப்பாசை.

"லாக் புக்குன்னா இங்கிலீஷ்தான," என்றார்.

போன் இணைப்பை விடாமலே மடிக்கணினியைத் திறந்து கேமராவுக்குள் போனேன். பழைய பாஸ்வேர்டே திறந்தது. யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியல் ஒன்று அதற்குள் இருக்கும், அதுவரை நான் எட்டிப் பார்க்காத பக்கம். முகவரிகள் வரிசையாக இருந்தன. என்னுடையது மேல் கோடியில், மே, ஜூன் மாதங்களில். அதற்குக் கீழே முழுக்க எனக்குத் தெரியாத முகவரிகள், ஒவ்வொரு நாளும், இந்திய நேரம் இரண்டு மணியை ஒட்டி. சில நாள் காலையிலும் இருந்தன. முகவரி மாறினாலும் வருகிறவன் ஒருவன்தான் என்று நேரம் சொன்னது. படத்தைத் திறந்தேன். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையும் தொடவில்லை. என் கை மேசைமேல்தான் இருந்தது.

படம் தானாக நகர்ந்தது. அம்மாவிடம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு அப்பாவுக்குத் திரும்பியது. அப்பா நிமிர்ந்து பார்த்து என்னை நேருக்கு நேர் கண்டவர்போல் சிரித்தார். "ஆ, வந்துட்ட பாரு," என்று அவர் குரல் என் காதில் கேட்டது. எழுந்து போர்டைத் தூக்கிப் பிடித்தார். 'ஆல் நார்மல்' என்று அதில் அவருடைய கொட்டை எழுத்து. திரையில் அப்பாவின் முகம் மேலே போயிற்று, கீழே வந்தது. அந்த ஆள் தலையாட்டிவிட்டான்.

"அப்பா, அந்த வயரைப் புடுங்குங்க," என்றேன்.

"ஏன்டா?"

"புடுங்குங்க மொதல்ல."

"காரணம் சொல்லு. சும்மா ட்ரிப் பண்ணக் கூடாது."

பெல்ட் ஓடுகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து நிறுத்தலாம், அதுதான் ட்ரிப், ஆனால் ஏன் என்று லாக் புக்கில் எழுதியாக வேண்டும். அந்த விதியிலேயே வாழ்ந்த மனிதரிடம் நான் ஜெர்மனியிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். "அது நான் இல்லப்பா," என்றேன். அவர் போர்டைக் கீழே போட்டுவிட்டுச் சுவரை நோக்கி வந்தார். பிறகு திரை கறுத்தது.

யாரு என்று அம்மா கேட்பது கேட்டது. தெரியவில்லை என்று அப்பா சொன்னார். எத்தனை நாளா என்று கேட்டாள். ஜூலையிலிருந்து என்றார். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன், அவள் வாங்கவில்லை. வயர் புடுங்கின பிறகும் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள் என்று அப்பா பிற்பாடு சொன்னார். அந்த ஹாலில்தான் தலை உலர்த்துவாள், அந்த ஹாலில்தான் வெயில் தாங்காமல் மத்தியானம் படுப்பாள். என் பிள்ளை பார்க்கிறான் என்ற நினைப்பில் எத்தனை முறை அதைப் பார்த்துச் சிரித்தாளோ.

போர்ட்டை மூட வேண்டும். அன்றைக்கே அப்பாவை ரௌட்டர் செட்டிங்ஸ் பக்கத்தைப் போனில் திறக்கச் சொல்லி, திரையில் இருப்பதை வரி வரியாகப் படிக்க வைத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றார். "யார்கிட்டருந்து வரலாம்ன்ற எடத்துல 'எனி'ன்னு போட்டிருக்கு. எனின்னா யார் வேணாலும்னுதான அர்த்தம்?"

"ஆமாம்பா."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"சரி. எத அழுத்தணும் சொல்லு," என்றார். அழித்துவிட்டோம். மறுநாள் குள்ளஞ்சாவடிக்காரரைக் கூப்பிட்டுத் தனி முகவரியையும் எடுத்துவிடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அன்றைக்கு எல்லாவற்றையும் அழித்த பிறகும் அப்பா போனை வைக்கவில்லை. பேனா தேடுகிற சத்தம் கேட்டது. "ட்ரிப்புக்குக் காரணம் எழுதணும்," என்றவர், "அந்த லிஸ்ட்ல எல்லாரும் வந்துபோன கணக்கு இருக்குன்னியே. மொத்தத்துல நீ எத்தன நாள் பாத்த?" என்று கேட்டார். கோபமே இல்லை. விவரம் கேட்கிற குரல்தான். பொய் சொல்லியிருக்கலாம். அவர் எங்கே போய்ச் சரிபார்க்கப் போகிறார்?

"ஏழு நாள்," என்றேன்.

"ஏழு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

புதன்கிழமை அம்மா மட்டும் பஸ் ஏறினாள். அப்பா போகவில்லை. சாவி இருக்கிற இடமும், வீடு காலியாக இருக்கும் நாளும் தெரிந்த ஒருவன் எங்கோ இருக்கிறான். அவன் பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம், பத்தாயிரம் மைலுக்கு அப்பாலும் இருக்கலாம். பூட்டை மாற்றிவிட்டு வாருங்கள் என்று அக்கா கெஞ்சினாள். "ரிலீவர் இல்லாம எப்படி விட்டுட்டு வர்றது?" என்றாராம். காதுகுத்து அன்று குழந்தை மாமன் மடியிலும் உட்காரவில்லை, தாத்தா மடியிலும் உட்காரவில்லை. அக்கா வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் யாரோ ஒருவன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுத படத்தை அனுப்பினார்கள். அதில் இருப்பவன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஒரு பொருளும் தொலையவில்லை. மிரட்டல் இல்லை, போன் இல்லை. வந்திருந்தால்கூட ஒரு முகம் கிடைத்திருக்கும். எதற்காகப் பார்த்தான், எதற்காகத் தலையாட்டினான்? விளையாட்டா? அலுப்பா? வேறு ஏதாவது வேளைக்குக் காத்திருந்தானா? அந்தப் படங்களை என்ன செய்தான்? இன்னொன்றும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவன்மேல் எனக்குப் பொறாமை. அப்பாவின் ரிப்போர்ட்டை மூன்று மாதம் ஒழுங்காக வாங்கிக்கொண்டவன் அவன். அம்மாவுக்கு எந்த மாத்திரை எப்போது மாறியது என்பது அவனுக்குத் தெரியும். நான் அதை அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நம்மில் எத்தனையோ பேர் ஊரில் ஒரு கண்ணை மாட்டிவிட்டு வந்திருக்கிறோம். பாஸ்வேர்டை மாற்றுங்கள், போர்ட்டை மூடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைச் செய்யுங்கள், இன்றைக்கே செய்யுங்கள். ஆனால் அதைச் செய்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பொங்கலுக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். கேமராவை அப்பா முன்பே கழற்றிவிட்டிருந்தார், சுவரில் நாலு திருகாணி ஓட்டைகள்தான் பாக்கி. ஹாலுக்குள் நுழைந்ததும் எனக்கு என்னவோ மாறியிருப்பதுபோல் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நாற்காலி, டீவி, அம்மா கால் நீட்டுகிற பாய், தண்ணீர்க்குடம் எல்லாம் ஒரு பக்கச் சுவரோரமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கேமரா எவ்வளவு திரும்பினாலும் எட்டாத மூலை அது. மீதி ஹால் வெறுந்தரையாகக் கிடந்தது. அதைத் தாண்டி வாசலுக்குப் போக வேண்டுமானால் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாகவே நடந்தாள். அந்த மூலையில் இரண்டு பேர் படுக்கத்தான் இடம் இருந்தது. லீவு முடிகிறவரை என் பாயைக் காலியாகக் கிடந்த அந்தப் பக்கத்தில்தான் விரித்துக் கொடுத்தார்கள்.